வைக்கல் எரிக்காம விட்ட நாலு ஏக்கர்: படுவான்கரையில ஆறு போகத்து நிகழ்வு ஆய்வு

காணியும் ஆளும்

இது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால உள்ள படுவான்கரையில, எங்கட மாமா ஒருத்தர்ட வயல்ல நடந்தது. அம்மாட தம்பி. அவர்ட பேரும் வட்டைப் (வயல்வெளி) பேரும் போடேல்ல, ஏனெண்டா காணிக்காரரும் பக்கத்து வயல்காரரும் இதுல வாறாங்க, எல்லாரும் நாளைக்கும் ஒரே வாய்க்கால்ல தண்ணி எடுக்கவேண்டிய ஆக்கள். நான் விவசாய டிப்ளோமா முடிச்சவன், இருக்கிறது வாவிக்குக் கிழக்கால எழுவான்கரைப் பக்கம், கிழமைக்கு ஒருக்கா வலையிறவுப் பாலம் தாண்டிப் போய்ப் பாத்து கொப்பில எழுதி வச்சதுதான் இது. முழு நேரமும் வயல்ல நிண்டது மாமாவும் மாமியும்.

நாலு ஏக்கர், உன்னிச்சைக் குளத்துத் தண்ணி பாயிற பக்கம், அக்டோபர் மழையோட தொடங்கிற பெரும்போகம், மே மாதம் விதைக்கிற சிறுபோகம் எண்டு ரெண்டு போகமும் செய்யலாம். மேட்டுப் பக்கம் மணல் கூடின கபில நிற மண், வாய்க்கால் தாண்டிப் பள்ளத்துக்கு இறங்கினா சாம்பல் நிறக் களி. காணி மாமாக்குச் சொந்தமில்ல. சொந்தமா இருந்த ஒண்டரை ஏக்கரை மகளுக்குச் சீதனமாக் குடுத்தாச்சு, மருமகன் வெளிநாட்டில, அதை வேற ஒருத்தர் செய்தார். இந்த நாலு ஏக்கரும் டவுன்ல இருக்கிற ஒரு போடியாரிட (பெரிய காணிக்காரர்) காணி, வருஷக் குத்தகை, எழுத்துல ஒண்டும் இல்ல, ஒவ்வொரு வருஷமும் பெரும்போகத்துக்கு முன்னம் போய்க் கதைச்சு காசு குடுத்திட்டு வாறது. இந்தக் குத்தகை விசயத்தை ஞாபகத்துல வச்சிருங்க, கடைசியில எல்லாம் அதுலதான் போய் நிண்டது.

பதினைஞ்சு வருஷமா ரெண்டு போகமும் நெல்லு, ரெண்டு போகமும் நெருப்பு. முந்தி கையால வெட்டி சூடு வச்சு அடிச்ச காலத்துல வைக்கல் களவெட்டியில ஒரே குவியலாக் கிடக்கும், மாட்டுக்காரங்க மெஷின் பெட்டியில ஏத்திட்டுப் போவாங்க. வெட்டு மெஷின் வந்தாப் பிறகு வைக்கல் வயல் முழுக்க வரி வரியா விழுது, அதை அள்ளிச் சேர்க்கிற கூலிக்கு ஆள் பிடிக்கேலாது, அடுத்த உழவுக்குள்ள ரொட்டரியில (மண்ணைக் கிளறுற சுழல் கலப்பை) சுத்தும், அதால நெருப்புக்குச்சிதான் லேசு. இதை நான் குற்றமாச் சொல்லேல்ல. அந்த இடத்துல நிண்டா நானும் அதைத்தான் செய்திருப்பன்.

2021/22 பெரும்போகம்: மாமி கண்ட வரிகள்

2021 மே 6ந் திகதி ரசாயனப் பசளை இறக்குமதியத் தடை செய்து வர்த்தமானி வந்ததும், நவம்பர்ல அதை வாபஸ் வாங்கினதும் எல்லாருக்கும் தெரியும். வாபஸ் வாங்கினாப் பிறகும் வயலுக்குப் பசளை வந்து சேரேல்ல, வந்ததும் வாங்கிற விலையில இல்ல. மாமா அந்தப் போகம் பழைய மிச்சத்துல கிடந்த ஒரு மூடை யூரியாவ நாலு ஏக்கருக்கும் தூவினார், அவ்வளவுதான். சேதனப் பசளை (இயற்கைப் பசளை) எண்டு தந்த மூடையை உடைச்சுப் பாத்தா பாதி மணலும் கல்லும்.

வழமையா ஏக்கருக்கு 28 மூடை எடுக்கிற வயல் (நாங்க கட்டுற மூடை ஏறக்குறைய 65 கிலோ) அந்தப் போகம் 13 மூடை தந்திச்சு.

ஆனா அந்தப் போகத்துலதான் ஒரு விசயம் வெளிச்சது. பயிர் ஒரு நாப்பது நாள் இருக்கும், மாமி வரம்புல நிண்டு மாமாவக் கூப்பிட்டு, "இஞ்ச வந்து பாருங்க, வயல் பாய் இழைச்ச மாதிரிக் கிடக்கு" எண்டு காட்டியிருக்கா. உண்மையிலயே அப்பிடித்தான். வயல் முழுக்க வெளிறின மஞ்சள், அதுக்குள்ள பத்துப் பன்ரெண்டு அடிக்கு ஒண்டா கடும்பச்சை வரி, வயல்ட இந்தத் தலையில இருந்து அந்தத் தலை வரைக்கும். நான் போன அண்டு அந்த வரியில ஒரு பூட்டையும் (ஒரு பயிர்க் கொத்து) மஞ்சள்ல ஒரு பூட்டையும் பிடுங்கிப் பக்கத்துல வச்சுப் பாத்தம். மஞ்சள்ல உள்ளதுட கீழ் இலை நுனியும் ஓரமும் கருகி மண்ணிறமா இருந்திச்சு, வரியில உள்ளதுக்கு அந்தக் கருகல் இல்ல, கிளையும் ரெண்டு மூண்டு கூட.

வரி எல்லாம் வெட்டு மெஷின் ஓடின திசையில. போன சிறுபோகம் வைக்கல் விழுந்து கிடந்து எரிஞ்ச இடம். சாம்பல் கிடந்த இடத்துல பயிர் பச்சை, சாம்பல் இல்லாத இடத்துல மஞ்சள்.

இதைப் பாத்து மாமா முதல்ல சொன்னது "அப்ப எரிக்கிறது நல்லதுதானே மருமகன்" எண்டு. நியாயமான கேள்வி. நெல்லுப் பயிர் எடுக்கிற பொட்டாசியத்துல நூற்றுக்கு எண்பதுக்கு மேல வைக்கல்லதான் நிக்குது, நெல்லோட வெளிய போறது கொஞ்சம்தான். எரிச்சா அதுல பெரும் பங்கு சாம்பல்லயே கிடக்கும், ஆனா வயல் முழுக்க இருந்து உறிஞ்சினது கொஞ்ச வரியில வந்து கூடுது, முதல் மழையில அதுலயும் ஒரு பங்கு கழுவிட்டுப் போகுது. வருஷத்துக்கு ரெண்டு தரம் இப்பிடிச் செய்தா வரிக்கு வெளிய உள்ள மண் மெலியாம என்ன செய்யும். நைதரசன் எண்டா எரிக்கேக்க கிட்டத்தட்ட முழுக்கப் புகையோட போயிரும். பசளை மூடை வந்த காலமெல்லாம் இந்த ஓட்டை தெரியேல்ல, மூடை நிண்டதும் வயலே படம் போட்டுக் காட்டிட்டு.

எரிக்கிறேல்ல எண்டு எடுத்த முடிவு

2022 பெப்ரவரி கடைசியில வெட்டினாப் பிறகு மாமா வீட்டுத் திண்ணையில இருந்து கணக்குப் பாத்தம். நல்ல போகத்துல ஒரு ஏக்கர்ல நெல்லு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு நிறைக்கு வைக்கலும் வரும். ஒரு தொன் வைக்கல்ல 12 தொடக்கம் 17 கிலோ வரைக்கும் பொட்டாசியம். 1800 கிலோ வைக்கல் எண்டா 25 கிலோ பொட்டாசியம், அது ஒரு 50 கிலோ எம்ஓபி (பொட்டாசியப் பசளை) மூடையில உள்ள அளவு. அதாவது ஒவ்வொரு ஏக்கர்லயும் ஒரு எம்ஓபி மூடை கிடக்கு, நாங்க அதுக்கு நெருப்பு வைக்கிறம். அந்த நேரம் வெளிச் சந்தையில யூரியா எட்டாத விலைக்குப் போய்க்கிட்டு இருந்திச்சு, எம்ஓபி கண்ணாலயும் காணேலாது. மாமாவ மாத்தினது மண்வளம் எண்ட சொல் இல்ல, இந்தக் கணக்குத்தான்.

முடிவு இதுதான்: நாலு ஏக்கரும் எரிக்கிறேல்ல, வைக்கலைப் பரப்பி விட்டு மார்ச் கடைசியில மண்ணுல ஈரம் இருக்கேக்கயே ஒரு உழவு போட்டு மண்ணுக்குள்ள தாக்கிறது (புதைக்கிறது), அஞ்சு கிழமை உக்க விட்டு மே முதல்ல விதைக்கிறது. பேப்பர்ல வடிவான திட்டம். நான்தான் போட்டது.

2022 சிறுபோகம்: அழுகின முட்டை மணம்

மார்ச்ல இருந்து டீசல் இல்ல. உழவு மெஷின்காரர் கமநல சேவை நிலையத்துல (விவசாயிகளுக்கான அரச அலுவலகம்) கடிதம் எடுத்துக்கொண்டு போய் கியூவுல ரெண்டு நாள் மூண்டு நாள் நிண்டு இருபது லீட்டரோட வருவார், அதுக்கு இருபது பேர் காத்துக்கொண்டு நிப்பாங்க. எங்கட முறை வந்தது ஏப்ரல் 28. அதுக்குள்ள மண் காய்ஞ்சு வைக்கல் அப்பிடியே பொன் நிறத்துல கிடக்கு, ஒரு துண்டும் உக்கேல்ல. வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சு, மே முதல் பாதிக்குள்ள விதைச்சு முடிக்காட்டி கடைசித் தண்ணி கிடையாது. ஒரு ஈர உழவு, ஒரு ரொட்டரி, பலகை அடிச்சு மே 6 சேத்து விதைப்பு. வைக்கல் மண்ணுக்குள்ள போனதுக்கும் விதைப்புக்கும் இடையில எட்டு நாள்.

அந்த இடத்துல நான் வேண்டாம் எண்டு சொல்லியிருக்கணும். வைக்கலை வரம்புக்கு இழுத்துப் போட்டிட்டு விதைப்பம் எண்டு மாமா ஒருக்காக் கேட்டவர், கூலி இல்ல, நாளும் இல்ல, "இல்ல மாமா, உள்ளுக்கே போகட்டும், உக்கிரும்" எண்டு சொன்னது நான்.

முதல் பத்து நாள் ஒண்டும் தெரியேல்ல. பதினாலாம் நாள் அளவுல நாத்து வளராம நிண்டிட்டு, நுனி மஞ்சள், பிறகு முழு இலையும் மஞ்சள். வயலுக்குள்ள கால் வச்சா சேத்துக்குள்ள இருந்து குமிழி குமிழியா வருது. மாமா டவுன்ல ஒரு பசளைக் கடையில போய்ச் சொல்ல, நாக (சிங்க்) குறைபாடு எண்டு ஒரு போத்தலும் பங்கசு (பூஞ்சணம்) எண்டு ஒரு போத்தலும் குடுத்திருக்காங்க. ரெண்டும் அடிச்சது பதினாறாம் நாள். இது எனக்குச் சொல்லாமச் செய்தது, சொல்லியிருந்தாலும் நான் அப்ப உறுதியா ஒண்டும் சொல்லியிருக்க மாட்டன்.

பதினெட்டாம் நாள் நான் போனன். அஞ்சாறு நாத்தை வேரோட பிடுங்கி வாய்க்கால் தண்ணியில கழுவினா வேர் வெள்ளையா வரவேணும், கறுப்பா வந்திச்சு, கரி பூசின மாதிரி. மூக்குக் கிட்டப் பிடிச்சா அழுகின முட்டை மணம். அதை வரம்புல வச்சிட்டு மாமி கொண்டு வந்த தேத்தண்ணியக் குடிச்சு கதைச்சுக்கொண்டு இருந்து திரும்பிப் பாத்தா அந்தக் கறுப்பு மாறி வேர் துரு நிறத்துக்கு வந்திட்டு. மாமா, "என்ன மனே, உயிர் வருதா?" எண்டு கேட்டார். உயிர் வரேல்ல, காத்துப் பட்டிருக்கு. வேர்ல கறுப்பாப் படிஞ்சிருந்தது இரும்பு சல்பைட்டு, காத்துப் பட்டதும் அது துருவா மாறுது.

அதோட விசயம் விளங்கிட்டு. தண்ணி நிக்கிற சேத்துக்குள்ள உக்காத வைக்கல் உக்கேக்க கிருமிகள் இருக்கிற ஒட்சிசனை எல்லாம் முடிச்சிட்டு பிறகு சல்பேட்டைப் பிடிச்சு ஐதரசன் சல்பைட்டு வாயுவா மாத்துது, அதுதான் அந்த மணம், அது வேருக்கு நஞ்சு. இது ஒரு பக்கம். மற்றப் பக்கம், வைக்கல்ல காபன் கூட, நைதரசன் குறைவு. காபன் 60, 70 பங்குக்கு நைதரசன் ஒரு பங்குதான், அதை உக்க வைக்கிற கிருமிக்கு அது காணாது, அதால மண்ணுல கிடக்கிற நைதரசனை அதுகள் உறிஞ்சி எடுக்கும், பயிருக்கு மிச்சம் இருக்காது. கொஞ்ச நாளையில கிருமி செத்து அந்த நைதரசன் திரும்ப வரும், ஆனா பதினெட்டு நாள் நாத்துக்குக் காத்திருக்க நேரமில்ல. ரெண்டும் நான் படிச்ச பாடம். சோதனைத் தாள்ல எழுதினதுதான், வயல்ல வைக்கலை உள்ளுக்குப் போடச் சொல்லேக்க ஞாபகம் வரேல்ல.

அந்தக் கிழமை எடுத்த முடிவுகள்

செய்யக் கிடந்தது ரெண்டு. ஒண்டு தண்ணிய முழுக்க வடிய விட்டு மண்ணுக்குக் காத்துக் காட்டுறது. மற்றது கொஞ்சம் யூரியா போடுறது.

வடிய விடுறதுல பயம் இருந்திச்சு. சிறுபோகத்துல முறைத் தண்ணி, இண்டைக்கு வக்கடைய (வரம்புல தண்ணி போற வாய்) திறந்து வடிய விட்டா அடுத்த முறை வர ஏழு நாள், அதுக்குள்ள வெயில் அடிச்சா மேட்டு மண் வெடிச்சிரும், தண்ணி இல்லாத வயல்ல கோரை வேற கிளம்பிரும். தண்ணி பங்கிடுற வட்டவிதானையிட்ட போய்க் கதைச்சம், அவர் முறை மாத்தித் தரேலாது, ஆனா கடைமடைக்குப் போற தண்ணியில ராவைக்கு ஒரு மணித்தியாலம் விட்டுத் தாறன் எண்டார். அந்த ஒரு வார்த்தையிலதான் வக்கடை திறந்தது. ஆறு நாள் காய விட்டம், மயிர் அளவு வெடிப்பு வந்ததும் தண்ணி கட்டினம். மாமா கையில இருந்தது அரை மூடை யூரியா, அதை எல்லா இடமும் தூவாம பள்ளப் பக்கம் ஒண்டரை ஏக்கருக்கு மட்டும் போட்டார், அங்கதான் பூட்டுகள் மோசம்.

புது வெள்ளை வேர் வந்தது பன்ரெண்டு நாளைக்குப் பிறகு. மேட்டுப் பக்கம் தேறிட்டு. பள்ளத்துல முக்கால் ஏக்கர் அளவு திட்டுத் திட்டாச் செத்துப் போச்சு. ஜூலையில இந்தியக் கடனுதவியில வந்த யூரியா மூடை பத்தாயிரத்துக்குக் கிடைச்சுது, எங்களுக்குக் கதிர் வாற நேரம் கொஞ்சம் போட முடிஞ்சுது. வெட்டினது ஏக்கருக்கு 15 மூடை.

அந்த நேரம் மாமாவ விட மாமிக்குத்தான் என்னில கோபம். எரிச்ச பக்கத்து வயல் 19 எடுத்தது. "படிச்ச புள்ள சொல்லிச்சு எண்டு செய்தம்" எண்டு ஒரு நாள் சாப்பாடு போடேக்க சொன்னா. நான் தலையக் குனிஞ்சு தின்னன்.

மண் சாம்பிள்

ஆகஸ்ட் வெட்டு முடிஞ்சு முதல்ல செய்ய வேண்டிய வேலையக் கடைசியில செய்தம். பள்ளம் வேற, மேடு வேற, ஒவ்வொண்டுலயும் பத்துப் பன்ரெண்டு இடத்துல ஆறு அங்குல ஆழத்துக்கு மண் எடுத்து வாளியில கலந்து, நாலாப் பிரிச்சுப் பிரிச்சு அரைக் கிலோவாக்கி நிழல்ல காய வச்சுக் குடுத்தம். பழைய வைக்கல் வரிக்கு மேல எடுக்கக் கூடாது எண்டு மாமாவே தடிய நட்டு விலத்தி எடுத்தார்.

மேட்டுப் பக்கம் பிஎச் 5.9, சேதனக் காபன் 0.8 வீதம், பொட்டாசியம் 52 பிபிஎம் (பத்து லட்சத்துல 52 பங்கு). நெல்லுக்கு 78 பிபிஎம்முக்குக் கீழ போனா குறைவு எண்டு எடுப்பாங்க. பொசுபரசு போதியளவு, சொல்லப்போனா கூட, வருஷக் கணக்கா டிஎஸ்பி (பொசுபரசுப் பசளை) போட்டது அப்பிடியே கிடக்கு. பள்ளத்துல காபன் 1.3, பொட்டாசியம் 70. மாமி கண்ட வரிகள் சரியாத்தான் சொல்லியிருக்கு.

2022/23 பெரும்போகம்: பாதி பாதி, அதுலயும் நெருப்பு

இந்த முறை மாமா ஒரு நிபந்தனை வச்சார்: ரெண்டு ஏக்கர் எரிக்காம விடுறன், ரெண்டு ஏக்கர் வழமை போல எரிக்கிறன், ரெண்டையும் பாப்பம். எனக்கும் அது சரியாப் பட்டிச்சு.

ஆகஸ்ட்டுக்கும் அக்டோபர் கடைசிக்கும் இடையில பத்துக் கிழமை இருக்கு, மார்ச் ஏப்ரல் மாதிரி அவசரம் இல்ல. வைக்கலைக் கவர்த்தடியால கிளறிப் பரப்பி விட்டம், ரெண்டு ஏக்கருக்கு நாலு ஆள் ஒரு நாள். மாடு வந்து தின்னா தின்னட்டும், சாணி விழும் எண்டு தடுக்கேல்ல. பக்கத்துப் பட்டிக்காரர் ஒருத்தரிட்டச் சொல்லி மாட்டுப் பட்டிய நாலு ராவு மேட்டுப் பக்கம் கட்டினம், எங்கட அப்புமார் செய்த வேலைதான், இப்ப மேய்ச்சல் தரைக்கே பட்டிக்காரர் அலையிறாங்க, வயல்ல கட்டச் சொன்னா சந்தோசமா வந்தார்.

செப்டம்பர்ல கச்சான் காத்து (வறண்ட தென்மேல் காத்து). அடுத்த வரம்புல வச்ச நெருப்பு எங்கட காய்ஞ்ச வைக்கலுக்குத் தாவி, ஆக்கள் ஓடி வந்து தென்னங்குச்சியால அடிச்சு அணைக்கிறதுக்குள்ள அரை ஏக்கர் போயிட்டு. ஆரையும் நோகேலாது, அவர் தன்ட வயலுக்குத்தான் வச்சவர். எரியிற ஊருக்குள்ள எரிக்காத வயல் வச்சிருந்தா சுத்தி ரெண்டு பாகம் (ஒரு பாகம் கை விரிச்ச நீளம்) அகலத்துக்கு உழுது மண் காட்டி வைக்கணும் எண்டு எங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்.

அக்டோபர் நடுவுல முதல் மழை. அண்டைக்கே மெஷின் பிடிச்சு மிச்ச ஒண்டரை ஏக்கருக்கும் ஒரு உழவு, தண்ணி கட்டாம, மண் ஈரத்துல மட்டும் இருபத்திமூண்டு நாள் உக்க விட்டம். ஈரமும் காத்தும் ரெண்டும் இருந்தா உக்கிற விதம் வேற, அந்த மணம் வராது. ரெண்டாம் உழவுக்கு வைக்கலைக் கையால பிடிச்சு இழுத்தா பீஸ் பீஸா அறுந்து வந்திச்சு, கறுத்த தேத்தூள் மாதிரி. பிறகு தண்ணி கட்டி விதைப்பு. மில்லுல குவிஞ்சு கிடந்த கரி உமி பத்து மூடையும் மேட்டுக்குப் போட்டம். யூரியாவ ஒரே அடியாப் போடாம நாலாப் பிரிச்சு, இலைட பச்சைய ஒப்பிட்டுப் பாக்கிற இலை நிற அட்டைய வச்சுப் பாத்துப் போட்டம், எரிக்காத பக்கத்துக்கு எம்ஓபி வழமையில அரைவாசி.

எரிச்ச பக்கம் ஏக்கருக்கு 23 மூடை, எரிக்காத பக்கம் 25. ரெண்டு மூடை வித்தியாசம். பட்டி கட்டினது, கரி உமி போட்டது எல்லாம் ஒரே பக்கத்துல, அதால ரெண்டு மூடையும் வைக்கல்லதான் வந்தது எண்டு நான் சொல்ல மாட்டன். அறக்கொட்டியான் (நெல்லுப் பயிர்ட சாறு உறிஞ்சுற பூச்சி) அந்த முறை வட்டையில பரவலா விழுந்தது, எரிக்காத பக்கத்துல குறைவாத்தான் கண்டம், அதுவும் யூரியாவப் பிரிச்சுப் போட்டதாலயா பொட்டாசியத்தாலயா எண்டு பிரிச்சுச் சொல்லேலாது. மாமா பாத்தது வேற கணக்கு: எம்ஓபி அரைவாசி மிச்சம், ஒரு எண்ணெய் (பூச்சிமருந்து) அடி மிச்சம்.

2023, 2024: போகத்துக்குப் போகம் வேற வழி

இதுக்குப் பிறகுதான் எங்களுக்கு ஒரு ஒழுங்கு பிடிபட்டது. சிறுபோகத்து வைக்கல் வயலுக்கு, பெரும்போகத்து வைக்கல் வரம்புக்கு. ஆகஸ்ட்ல வெட்டினா நேரம் இருக்கு, மழை வரும், அப்பிடியே பரப்பி விடலாம். பெப்ரவரி மார்ச்ல வெட்டினா சிறுபோக விதைப்புக்கு நேரம் காணாது, அதை மண்ணுக்குள்ள தாக்கக் கூடாது, வெளிய எடுத்து வரம்போரம் அடுக்கி சாணித் தண்ணி தெளிச்சு கிளிசரியா மரத்துக் குழையும் போட்டு மூடி விடணும், அது அடுத்த பெரும்போகத்துக்குப் பசளையா உள்ளுக்குப் போகும். ரெண்டு போகத்துக்கும் ஒரே அறிவுரை சொல்லுற துண்டுப் பிரசுரங்களைப் பாத்தா எனக்கு இப்ப கோபம்தான் வருது, அதே பிழைய நானும் சொன்னவன் எண்டபடியால கூடக் கோபம்.

வெளிய எடுக்கிறது லேசில்ல. 2023 மார்ச்ல நாலு ஏக்கர் வைக்கல் அள்ள எட்டுப் பேர்ட கூலி போச்சு, மாமா அரைவாசிய மாட்டுக்காரருக்கு விட்டிட்டார், மிச்சம்தான் குவியல். 2023 சிறுபோகம் ஏக்கருக்கு 24 மூடை. 2023/24 பெரும்போகம் நல்லா வந்த பயிர், 2024 ஜனவரி வெள்ளத்துல பள்ளப் பக்கம் அஞ்சு நாள் தாண்டு கிடந்தது, மொத்தத்துல ஏக்கருக்கு 21தான். தண்ணி வடிஞ்சாப் பிறகு பூட்டு சாயாம நிண்டதை மாமா கரி உமியிட வேலை எண்டு சொல்லுறார், இருக்கலாம், பக்கத்து வயலும் பெரிசாச் சாயேல்ல.

2024 மார்ச்ல திரும்ப மண் குடுத்தம். மேட்டுப் பக்கம் பொட்டாசியம் 52ல இருந்து 74க்கு வந்திருக்கு. சேதனக் காபன் 0.8ல இருந்து 0.9. அந்த 0.1 சாம்பிள் எடுக்கிற பிழைக்குள்ளயே அடங்கிரும், அதை முன்னேற்றம் எண்டு நான் எழுத மாட்டன். எங்கட வெக்கையில சேதனப் பொருள் நிக்காது, போடப் போடக் கரைஞ்சிட்டே இருக்கும், ரெண்டு வருஷத்துல மண் பொன்னாயிட்டு எண்டு வீடியோ போடுறாக்கள் எந்த மண்ணை அளந்தாங்களோ தெரியா. மாறினது வேற: முந்தி மேட்டுல தண்ணி கட்டி மூண்டாம் நாள் வெடிக்கும், இப்ப அஞ்சாம் நாள். மாமா அதைத்தான் பெரிசாச் சொல்லுவார், ஏனெண்டா முறைத் தண்ணி ஏழு நாள்.

2024 சிறுபோகம் ஏக்கருக்கு 27 மூடை, எம்ஓபி வழமையில அரைவாசி, யூரியா ஏக்கருக்கு முக்கால் மூடை குறைய.

காணி கைமாறினது

2024 ஆகஸ்ட்ல வைக்கலைப் பரப்பியாச்சு, சுத்தி உழுது நெருப்பு வராம மண்ணும் காட்டியாச்சு. செப்டம்பர்ல மாமா வழமை போல குத்தகைக் காசோட போடியார் வீட்டுக்குப் போனார். அவர் மரியாதையாத்தான் இருத்தி தேத்தண்ணி குடுத்துச் சொல்லியிருக்கார், "இந்த முறை வேற ஒருத்தர் கூடக் கேக்கிறார், காணியும் இப்ப நல்லா விளையுதாம், நீங்க அந்த விலைக்கு எடுக்கிறதெண்டா எடுங்க" எண்டு. கேட்ட காசு பழைய குத்தகையில ஒண்டரை மடங்கு. மாமாவால ஏலேல்ல.

மாமா எதிர்த்து ஒண்டும் கதைக்கேல்ல. வீட்ட வந்து, "நாம போட்ட பசளைக்கு நாமளே வட்டி குடுக்கோணுமாம் மனே" எண்டு மட்டும் சொன்னார். புதுசா எடுத்தவர் வந்து அந்தப் பரப்பின வைக்கலுக்கு நெருப்பு வச்சது செப்டம்பர் கடைசி, பத்து நிமிசத்துல முடிஞ்சிருக்கும்.

கமநல சேவை நிலையத்துல விசாரிச்சுப் பாத்தம். 2000ம் ஆண்டு 46ம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்துல குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பு இருக்கு, ஆனா அதைக் காட்ட வயல் காணிப் பதிவேட்டுல மாமாட பேரும் இல்ல, எங்களிட்ட வாய்ப்பேச்சைத் தவிர ஒண்டும் இல்ல. போடியார் பேர் போட்டுத் தந்திருப்பாரோ எண்டா தந்திருக்க மாட்டார், அந்தப் பயத்துலதான் இங்க கனக்கக் காணி எழுத்தில்லாம வருஷ வருஷமாப் போகுது.

திரும்பச் செய்யிறதெண்டா

முதல்ல மண் சாம்பிள், பிறகுதான் மற்றதெல்லாம். நாங்க ஒரு போகத்தை இழந்தாப் பிறகு குடுத்தம்.

வைக்கல் தாக்கினதுக்கும் விதைப்புக்கும் இடையில குறைஞ்சது மூண்டு கிழமை, அதுவும் தண்ணி நிக்காத ஈர மண்ணுல. அந்த மூண்டு கிழமை கிடைக்காதெண்டா வைக்கலை வெளிய இழு, இழுக்க ஆள் இல்லாட்டி மாட்டுக்கு விடு. அதுவும் ஏலாட்டி அந்த ஒரு போகம் எரிக்கிறதையும் நான் இப்ப பிழை எண்டு சொல்ல மாட்டன், 2022 ஏப்ரல்ல எரிச்சிருந்தா மாமாக்கு ஏக்கருக்கு நாலு மூடை கூட வந்திருக்கும். பள்ளக் காணியில இன்னும் கவனம், எங்களுக்குச் செத்ததெல்லாம் பள்ளத்துல.

நாத்து மஞ்சளாகினா கடைக்குப் போக முன்னம் ஒரு பூட்டைப் பிடுங்கி வேரைக் கழுவி மணந்து பாக்கிறது. அந்த ரெண்டு போத்தல் காசு மிச்சமாகியிருக்கும், அதை விட ரெண்டு நாளும் மிச்சமாகியிருக்கும்.

குத்தகைக் காணியில முதல் வருஷமே இவ்வளவும் செய்திருக்கக் கூடாது. யூரியா பிரிச்சுப் போடுறது, டிஎஸ்பியக் குறைக்கிறது மாதிரி அதே போகத்துல காசு திரும்பிற வேலைகளைச் செய்திருக்கலாம். வைக்கல், குவியல், பட்டி எல்லாம் வருஷக் கணக்குல திரும்பிற வேலை, அதுக்கு நாலு வருஷத்துக்காவது ஒரு எழுத்து வேணும். இதை மாமாக்கு முதல்லயே சொல்லாதது என்ட பிழை, நான் மண்ணைத்தான் பாத்தன், காணி ஆரிட எண்டதைப் பாக்கேல்ல.

இப்ப மகள்ட ஒண்டரை ஏக்கரை மாமா திருப்பி எடுத்துச் செய்யிறார். முந்திச் செய்தவரும் எரிச்சுத்தான் வச்சிருந்தவர், மேட்டு மண், பொட்டாசியம் 48. மருமகன் வெளிநாட்டில இருந்து போன்ல, "உங்கட காணிதானே மாமா, எழுத்தெல்லாம் எதுக்கு" எண்டார். மாமி விடேல்ல, அஞ்சு வருஷத்துக்கு எழுதி மகளிட்டக் கையெழுத்து வாங்கி அலுமாரியில சாரிக்கு அடியில வச்சிருக்கா.